கொள்ளுப்பாட்டியின் கணவர் பெயர்

என் கொள்ளுப்பாட்டிக்கு மூன்று கணவர்கள். இதை எங்கள் வீட்டில் யாரும் மறைத்ததில்லை. கல்வராயன் மலையில் இது மறைக்கிற விஷயமும் இல்லை. ஒருவரோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னால் உறவை அறுத்துக்கொண்டு இன்னொருவர் வீட்டுக்குப் போவது எங்கள் பக்கத்தில் பெண்களுக்கும் உள்ள வழக்கம். கள்ளக்குறிச்சியில் கல்லூரி படிக்கும்போது ஒருநாள் இதைச் சொன்னேன். கூட உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். மூன்று என்ற சொல்லை நான் கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு தடவை சொன்னேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் அந்த மூன்று பேர் யார், எந்த ஊர் என்றெல்லாம் நான் கேட்டுக்கொண்டதே இல்லை. கேட்க வைத்தது என் அண்ணனுடைய கல்யாணம்.

அண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறான். மலையில் பிடுங்கும் மரவள்ளிக் கிழங்கைச் சின்னசேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறக்குவது அவன் தொழில். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் லோடு ஏற்றப் போனவன், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு வீட்டு வேலியைச் சாய்த்துவிட்டான். அதைக் கட்டிக் கொடுக்கிறேன் என்று போனான். அவன் எடுத்துக்கொண்ட நாட்களுக்கு அங்கே ஒரு கோட்டைச் சுவரே எழுப்பியிருக்கலாம். கடைசியில் பார்த்தால் அந்த வீட்டில் ஒரு பெண் இருந்தாள்.

பெண் கேட்டுப் போனோம். அப்பா, அம்மா, அண்ணன், நான். பெண்ணின் அப்பா சாது. அந்த வீட்டில் எதையும் முடிவு செய்வது அவருடைய அண்ணன், அதாவது பெண்ணின் பெரியப்பா. நாங்கள் வேறு கூட்டம், அதாவது வேறு குலம், அவர்கள் வேறு கூட்டம், ஆகவே கொடுக்கல் வாங்கலுக்குத் தடை இல்லை. அந்தக் கணக்கில் நான் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டேன். அவரும் தலையாட்டினார். பிறகு வெற்றிலையை மடித்துக்கொண்டே அப்பாவிடம் கேட்டார்.

"உங்க ஆயா ஒரு காலத்துல எங்க தாத்தன் வூட்டுல குடும்பம் பண்ணவ. அது தெரியும் இல்ல?"

"தெரியாம இன்னா. அங்க அத்துக்கினு தான் எங்க தாத்தா கிட்ட வந்துச்சு," என்றார் அப்பா.

"சரி. உங்க அப்பன் பொறக்கறதுக்கு மின்னாடி அத்துக்கினு வந்துச்சா, பொறந்த பின்ன வந்துச்சா?"

அப்பா கையில் எடுத்த வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். கேள்வியின் முனை எனக்கும் புரிந்தது. எங்கள் வழக்கப்படி ஒரு பெண் எந்த வீட்டில் இருக்கும்போது பிள்ளை பிறக்கிறதோ, அது அந்த வீட்டுப் பிள்ளை. அதற்கு மேல் யாரும் ஆராய மாட்டார்கள். என் தாத்தா பிறந்தபோது கொள்ளுப்பாட்டி இன்னும் அவர்கள் வீட்டில் இருந்திருந்தால், தாத்தா அவர்கள் கூட்டம். அப்படியானால் நாங்களும் அவர்கள் கூட்டம், பங்காளிகள். என் அண்ணனுக்கு அந்தப் பெண் தங்கை முறை. அப்புறம் அவன் அந்த வேலியைத் தொடவே கூடாது.

பெரியப்பாவுக்குத் தன் மனைவியின் அண்ணன் மகனுக்கு இந்தப் பெண்ணை முடிக்க ஆசை என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தான். ஆனாலும் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி. எங்கள் வம்சத்திலேயே கல்லூரி போன முதல் ஆள் என்ற முறையில் நான் வாயைத் திறந்தேன்.

"இதுக்கு ரெக்கார்டு இருக்கும் மாமா. நான் எடுத்துக்கினு வரேன்."

வெள்ளிமலையில் ஒரு இ-சேவை மையத்தில் எனக்கு வேலை. நாள் முழுக்க மற்றவர்களுடைய பிறப்பு, இறப்பு, சாதி, வருமானம் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுகிறேன். காகிதத்தில் எழுதியிருப்பதுதான் நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

தாத்தா பிறந்தது மலையில் இல்லை என்பது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. கொள்ளுப்பாட்டி நிறைமாதமாக இருக்கும்போதே நெல் அறுக்கக் கீழ்நாட்டுக்கு இறங்கியவள். மலையில் இருப்பவர்களுக்குக் கீழே இருப்பதெல்லாம் கீழ்நாடு. சின்னசேலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், அறுப்பு வேலைக்கு நடுவில் தாத்தா பிறந்தார். அது எங்களுக்கு அதிர்ஷ்டம். அந்தக் காலத்தில் மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. இங்கே யார் பிறந்தார்கள், யார் செத்தார்கள் என்று எழுத ஆள் இல்லை. கீழே ஊருக்கு ஊர் மணியக்காரர் இருந்தார், எழுதி வைத்தார்.

விண்ணப்பம் கொடுத்து, அலைந்து, பழைய பிறப்புப் பதிவேட்டின் நகலை வாங்கிவிட்டேன். தாய் பெயர் என்ற இடத்தில் கொள்ளுப்பாட்டியின் பெயர் அப்படியே இருந்தது. நின்ற இடத்திலேயே அதை இரண்டு மூன்று தடவை படித்தேன். தகப்பன் பெயர் என்ற இடத்தில் நான் கேள்விப்படாத ஒரு பெயர் இருந்தது. அது என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் இல்லை. ஆனால் எங்கள் பக்கம் ஆண்களுக்குச் சாமிக்கு வைத்த பெயர் ஒன்று, கூப்பிடுகிற பெயர் ஒன்று இருக்கும். அதுவாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கு அந்தக் காகிதத்தை முதன்முதலாகச் சபையில்தான் பிரிக்க வேண்டும் என்று ஆசை.

அவர்கள் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்த சபையில் பிரித்தேன். குரலைக் கொஞ்சம் உயர்த்தியே படித்தேன். தகப்பன் பெயரைப் படித்ததும் பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.

"அது எங்க தாத்தன் பேரு," என்றார்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதப் போவதில்லை. பெரியப்பா எழுந்து வந்து காகிதத்தை என் கையிலிருந்து பதமாக வாங்கிக்கொண்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நெடுநேரம் பார்த்தார்.

"நான் சொன்னா என்னிக்கோ நடந்ததுன்னு சொல்லுவீங்கோ. இது கவர்மெண்டு சொல்லுது. படிச்ச புள்ளயே கொண்டாந்து குடுத்திருக்கு. அம்மாடி, இனிமே என்ன மாமான்னு கூப்டாத. பெரியப்பான்னு கூப்டு."

திரும்பி வரும்போது அண்ணன் வளைவுக்கு வளைவு ஒலிப்பானை அழுத்தினான். எதிரே வண்டியே இல்லாத வளைவிலும் அழுத்தினான். கடைசியில் வாயைத் திறந்தான்.

"நீ அஞ்சாவதோட நின்னு இருக்கலாம்."

"ரெக்கார்டுல தப்பா எழுதிட்டா நான் இன்னா பண்றது?"

"எழுதனவன் செத்துட்டான். படிச்சவ தானே பக்கத்துல குந்திக்கினு இருக்கற."

அடுத்த வாரம் இன்னொரு செய்தி வந்தது. பெரியப்பா கச்சிராயபாளையம் இறங்கி அந்த நகலை லேமினேட் பண்ணிக்கொண்டு வந்துவிட்டாராம். பையில் வைத்துக்கொண்டே திரிகிறாராம். கேட்பவர்களுக்கு எல்லாம் எடுத்துக் காட்டுகிறாராம். அண்ணன் அந்த ஊர் லோடை வேறு வண்டிக்குக் கொடுத்துவிட்டான். வீட்டில் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். இரண்டு வாரம் கழித்து, அந்தப் பெண் தன் தோழி போனிலிருந்து அவனைக் கூப்பிட்டு, "அண்ணான்னு கூப்புட சொல்றாங்க. நான் இன்னா பண்ணட்டும்?" என்று கேட்டாளாம். அதற்கப்புறம் அவன் சாப்பிடவே வரவில்லை.

ஆக, நான் கெடுத்ததை நான்தான் சரி செய்ய வேண்டும். ஒரு காகிதம் கெடுத்ததை இன்னொரு காகிதம் சரி செய்யும் என்று தேடினேன். கொள்ளுப்பாட்டி என் கொள்ளுத்தாத்தாவையும் விட்டுவிட்டு, தாத்தா பெரியவனான பிறகு, மூன்றாவதாக ஒருவரோடு போனாள். கரியாலூரைத் தாண்டி, காட்டுக்கு நடுவே தனிக் கொட்டாய் போட்டுப் பயிர் செய்தவர் அவர். அந்த ஊரின் பழைய வாக்காளர் பட்டியல் ஒன்று கிடைத்தது. அதில் கொள்ளுப்பாட்டி இருந்தாள். அவளுக்கு மேலே அதே வீட்டு எண்ணில் மூன்றாவது கணவர் இருந்தார். ஆனால் அவளுக்கு நேரே, கணவர் பெயர் என்ற இடத்தில், இரண்டாவது கணவரான என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் இருந்தது. அவரோ எங்கள் ஊர்ப் பட்டியலில் வேறு ஒரு மனைவியோடு நிம்மதியாக இருந்தார்.

அடுத்து இறப்புப் பதிவு. அவள் அந்தக் கொட்டாயில்தான் இறந்தாள். பதிவு செய்யப் போனது மூன்றாவது கணவரின் தம்பி மகன். அதில் மட்டும் கணவர் பெயர் சரியாக இருந்தது.

மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாமவர் வீட்டில் இருக்கும்போது இரண்டாமவர் பெயர். எழுதியவர்களை எல்லாம் மனசுக்குள் திட்டினேன். தூங்கிக்கொண்டே எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவளையும் கொஞ்சம் திட்டினேன். மூன்று பேரை வைத்துக்கொண்டு யார் எப்போது என்ற ஞாபகம்கூட இல்லாத மனுஷி.

இந்த நிலைமையில்தான் அம்மா வருமானச் சான்று கேட்டு எங்கள் மையத்துக்கு வந்தாள். நான் அப்போது கரண்ட் பில் கட்ட வெளியே போயிருந்தேன். என்னோடு வேலை பார்க்கும் பெண் கீழ்நாட்டுக்காரி, வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, என் அம்மாவை அவளுக்குத் தெரியாது. சாதாரணமாக எங்கள் மையத்தில் யாரும் எதையும் வாயால் சொல்வதில்லை. ஆதார் அட்டையை நீட்டுவார்கள், நாங்கள் பார்த்து ஏற்றிக்கொள்வோம். அம்மா அன்றைக்கு அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

நான் திரும்பி வந்து திரையைப் பார்த்தேன். அம்மாவின் பெயர் சரி. ஊர் சரி. கணவர் பெயர் என்ற கட்டத்தில் என் தாய்மாமன் பெயர் இருந்தது.

"இது இன்னாம்மா?"

"இன்னா இன்னா?"

"அப்பா பேரு எழுதற எடத்துல மாமா பேரு இருக்குது."

"அந்தப் பொண்ணு ஒரு பேரு சொல்லு, பேரு சொல்லுன்னு உயிர எடுத்துச்சு. நான் மொதல்ல எங்க வூட்டுக்காரரு தான், வெளிய பாரு, சிவப்பு துண்டு போட்டுக்கினு இருப்பாருன்னு சொன்னேன். அவரு இன்னிக்குனு பார்த்து வரல. அப்புறம் இன்னா பண்றது? என் அண்ணன் பேர சொன்னேன்."

"அப்பா பேர சொல்ல வேண்டியது தானே?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கட்டின ஆளு பேர யாராவது வாயால சொல்லுவாங்களா? உனக்கு படிப்பு ஜாஸ்தி ஆயி புத்தி கம்மி ஆயிடுச்சு."

பக்கத்து நாற்காலிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு வேறு ஒன்று ஓட ஆரம்பித்திருந்தது.

"அம்மா, ஒரு பேச்சுக்கு கேக்கறேன். நீ அப்பாவ அத்துக்கினு இன்னொரு ஆளு கிட்ட போயிட்டேன்னு வெச்சிக்க."

"எதுக்கு வெச்சிக்கணும்? வெச்சிக்கவே வேணாம். காலையில கூட சண்டை தான்."

"அப்போ அப்பா பேர சொல்லுவியா?"

அம்மா யோசிக்கக்கூட இல்லை. "அத்துக்கின பின்ன இன்னா? அந்த ஆளு யாரோ தானே. தாராளமா சொல்லலாம். புது ஆளு பேரு தான் வாயில வராது."

மாமா பெயரை அழித்துவிட்டு, அப்பா பெயரையும் மீதி விவரங்களையும் அன்றைக்கு நான்தான் ஏற்றினேன். ஆனால் என் கண் திரையில் இல்லை. என் கொள்ளுப்பாட்டி நெல் வயலில் பிள்ளையைப் பெற்றுவிட்டு, முகம் தெரியாத ஒரு மணியக்காரர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மலையில் என்றால் பக்கத்தில் இருக்கும் யாராவது அவளுக்காகக் கணவன் பெயரைச் சொல்லியிருப்பார்கள். அங்கே அவளைத் தெரிந்தவர் யாரும் இல்லை. மணியக்காரர் கணவன் பெயர் கேட்கிறார், விடமாட்டேன் என்கிறார். கட்டின ஆளின் பெயரைச் சொல்லக் கூடாது. விட்டுவந்த ஆளின் பெயரைச் சொல்லலாம். சொல்லிவிட்டாள். காட்டுக் கொட்டாயில் வாக்காளர் பட்டியல் எழுத வந்தவரிடமும் அதையேதான் செய்திருக்கிறாள். சரியாக இருந்த ஒரே பதிவு, அவள் செத்துப்போய் வேறு ஆள் பேசிய பதிவு. அவள் பேசிய இடத்தில் எல்லாம் காகிதம் ஒரு கணவர் பின்தங்கியே வந்திருக்கிறது. தூங்கியது யாரும் இல்லை.

பெண்ணின் ஊருக்கு மறுபடி போனோம். இந்தத் தடவை அவர்கள் ஊர்க்கவுண்டரையும் வந்து உட்காரச் சொன்னோம். கிழங்குச் சீவல் காய்ந்துகொண்டிருந்த தார்ப்பாயை ஓரமாக மடித்துவிட்டு இடம் போட்டார்கள். அண்ணன் உள்ளே வரவில்லை. வண்டிக்குக் கீழே எதையோ ரிப்பேர் பார்ப்பதுபோலப் படுத்துக்கொண்டான். பெண் கதவுக்குப் பின்னால் இருந்தாள். அவள் கொலுசு மட்டும் எனக்குத் தெரிந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று காகிதத்தையும் காட்டினேன். பெரியப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"அன்னிக்கு ரெக்கார்டு பொய் சொல்லாதுன்னு கொண்டாந்த. இன்னிக்கு ரெக்கார்டு பொய் சொல்லுதுன்ற. எது தான் உன் படிப்பு?"

அது எனக்குச் சுருக்கென்று இருந்தது. அடுப்படியிலிருந்து பெரியப்பாவின் மனைவி எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தார். எது ஆனாலும் ஆகட்டும் என்று அவர் பக்கம் திரும்பினேன்.

"அத்த, இப்டி வாங்க. குந்துங்க. நான் யாரோ, கீழ்நாட்டுல இருந்து வந்து இருக்கேன். இங்க இருக்கறவங்க யாரும் இல்லன்னு வெச்சிக்கங்க. உங்க பேரு எழுதிக்கினேன். வூட்டுக்காரர் பேரு இன்னா?"

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "தோ குந்திக்கினு இருக்குதே."

"அவரு இங்க இல்ல அத்த. மலையில இருக்காரு. பேரு சொல்லுங்க."

"எழுதாம வுட்டுடு."

"காலியா வுட்டா கம்ப்யூட்டரு ஒத்துக்காது. அரிசி வராது."

"அரிசியே வராதா?"

"வராது."

அவர் ஊர்க்கவுண்டரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பிறகு ஒரு பெயரைச் சொன்னார். சும்மா, தெளிவாக, பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுவதுபோலச் சொன்னார்.

அது பெரியப்பாவின் பெயர் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. ஊர்க்கவுண்டர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பெண்ணின் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மாதான் என் காதில் சொன்னாள். இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால், சின்ன வயதில், அத்தை கொஞ்ச நாள் பக்கத்து ஊரில் ஒருவரோடு இருந்து அறுத்துக்கொண்டு வந்தவராம். அந்த ஆளின் பெயர்தான் அது. ஆள் இன்னும் நன்றாக இருக்கிறாராம், சந்தைக்குச் சந்தை தேன் விற்கிறாராம்.

"அவன் பேரு எப்பிடி வந்துச்சு?" என்றார் பெரியப்பா. குரல் மெதுவாகத்தான் வந்தது.

"உன் பேர சொல்ல முடியுமா?" என்றார் அத்தை.

"முடியாது."

"அரிசி வேணுமா வேணாமா?"

"அதுக்குன்னு அவன் பேரா?"

"அவன் பேர சொன்னா இன்னா? அவன் எனக்கு யாரோ," என்று சொல்லிவிட்டு அத்தை அடுப்படிக்குப் போய்விட்டார்.

பெரியப்பா பையிலிருந்து அந்த லேமினேட் போட்ட நகலை எடுத்தார். வெயிலில் பளபளத்தது. எந்த இடத்தில் தன் தாத்தா பெயர் இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். விரலை வைத்துக் காட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் தடவினார். இத்தனை வாரமாக ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டிருந்த காகிதம், அவர் தாத்தாவை ஒருத்தி எவ்வளவு சுத்தமாக அறுத்துவிட்டுப் போனாள் என்பதற்கான காகிதம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது போல.

"அப்ப எங்க தாத்தனும் அவளுக்கு யாரோ," என்றார்.

எனக்கே அவர் தாத்தாவை நினைத்துக் கொஞ்சம் பாவமாக இருந்தது. ஊர்க்கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பேர வாய் வுட்டு சொல்லிச்சுன்னா அதுக்கு மின்னாடியே அத்தாச்சுன்னு தான் அர்த்தம். பங்காளி இல்ல. இன்னா சொல்ற?" என்று கேட்டார்.

"நான் இன்னா சொல்றது. என் வூட்டுலயே சாட்சி சொல்லிட்டாளே." பெரியப்பா எங்கள் அப்பா பக்கம் திரும்பினார். தோற்றாலும் ஒரு குத்து குத்தாமல் விடுகிற ஆள் இல்லை அவர். "ஆனா ஒண்ணு. உங்க வம்சத்துப் பொம்பள பாதியில எழுந்து போற பொம்பள. எங்க பொண்ணுக்கு அந்தப் பழக்கத்த கத்துக் குடுத்துடாதீங்க."

அப்பா பேசுவார் என்று பார்த்தேன். அவர் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். நான்தான் பேசினேன்.

"எழுந்து போனது உங்க வூட்டுல இருந்து மாமா. வந்தது எங்க வூட்டுக்கு."

கதவுக்குப் பின்னால் கொலுசு குதித்தது. அடுப்படியில் அத்தை சத்தமாகச் சிரித்தார். பெரியப்பா வாயில் வந்ததை வெற்றிலையோடு சேர்த்து மென்று விழுங்கினார். அப்புறம் வாசலுக்குப் போய் வண்டிக்குக் கீழே குனிந்து, நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்துச் சொன்னார்.

"எழுந்து வாய்யா மாப்ள. சாமை அறுத்துட்டு நாள் வெச்சிக்கலாம்."